நிமிடத்துக்கு இருபத்தேழு

நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
கண்ணை நெஞ்சில் வைக்க வேண்டும்.
மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டால்
மூச்சு பொய் சொல்லத் தொடங்கிவிடும்.
தாதிப் பயிற்சியில் சொல்லித் தந்த ஒரே களவு இது,
பதினாறு வருடமாகச் செய்கிறேன்.

பதினேழாம் கட்டில்.
துவான் சப்ரி, அறுபத்தெட்டு, கொம்பனித்தெரு,
இரண்டு நுரையீரலிலும் சளி.
சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்
ஒரு சுற்று முடிப்பதற்குள்
முப்பத்தொன்று.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கலாம்,
வேலை கூடிய இரவுகளில் எல்லாரும் அப்படித்தான்.
அட்டையில் ஒற்றை எண் இருந்தால் மட்டும் தெரியும்
யாரோ முழு நிமிடமும் நின்றிருக்கிறார்கள் என்று.

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில்
துணிக்கடைக்கு மேலே ஓர் அறையில் யோகா வகுப்பு.
யதுஷா மிஸ் என்னைவிடப் பத்து வயது இளையவர்.
பாயில் இருந்தபடி சொன்னார்:
மனிதருக்கு ஒரு நாளைக்கு
இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு.
இருநூறால் வகுத்துப் பாருங்கள்,
நூற்றெட்டு.
அறை முழுக்க ஒரு பெருமூச்சு,
(அதுவும் கணக்கில் சேருமா தெரியாது)
கீழே காலி வீதியில்
நூறாம் நம்பர் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போனது.
எட்டுக் குறைவு என்று நினைத்துச் சிரித்தேன்.

இன்றிரவு அந்தக் கணக்கு திரும்பி வந்தது.
முப்பத்தொன்றை அறுபதால்,
பிறகு இருபத்துநாலால்.
நாற்பத்துநாலாயிரத்துச் சொச்சம்.
ஒரு நாளில் இரண்டு நாளைச் செலவழிக்கிறார் இந்த மனிதர்.
சில்லறை எங்கிருந்து வரும்?

கட்டிலருகே பிளாஸ்டிக் கதிரையில்
அவர் மனைவி ரஹீலா.
தஸ்பீஹ் மாலையை அவசரத்தில் வீட்டிலே விட்டுவிட்டார்,
விரல் மடிப்புகளில் பெருவிரல் ஏறி இறங்குகிறது.
முப்பத்துமூன்று வந்தால் ஒரு கட்டு.
மறுபடி முப்பத்துமூன்று.
என் சட்டைப்பையில் என் உருத்திராக்கம்,
கடமை நேரத்தில் வெளியே எடுப்பதில்லை.
எதிர்க் கட்டிலில்
பிரித் நூல் கட்டிய பையன்
ஒட்சிசன் குழாயை இழுத்துவிட்டுத் தூங்குகிறான்.
அதைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

மூன்றரை மணி.
மணிக்கட்டைப் பிடித்து நின்றேன்.
ரஹீலா கண்ணயர்ந்துவிட்டார்,
பெருவிரல் நடுவிரலின் இரண்டாம் வரையில்
இறங்க மறந்து நின்றது.
சிவப்பு முள் பன்னிரண்டைத் தொட்டதும்
திடுக்கிட்டு விழித்தார்.
"எத்தினை, மிஸி?"
"இருபத்தேழு" என்றேன்.
"அல்ஹம்துலில்லாஹ்" என்று
பெருவிரலை அடுத்த வரைக்கு நகர்த்தி
முணுமுணுத்தார்:
இருபத்தெட்டு.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது.
அவர் தொலைத்தது ஜெபத்தின் எண்.
நான் கொடுத்தது அவருடைய கணவனின் மூச்சு.
திருத்தலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் முப்பதாகிவிட்டது.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
நானும் உள்ளே சேர்ந்து எண்ணினேன்
முப்பத்துமூன்று வரை.
பிறகு மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்,
அதன் ஒரு சில்லு எப்போதும் கிறீச்சிடும்.

விடியப்புறம், மருதானைப் பக்கம்
முதல் ரயில் கூவியபோது
கடைசியாக ஒருமுறை நின்றேன்.
பதினெட்டு வந்தது.
பதினெட்டில் நின்றிருந்தால் எவ்வளவு அழகு.
படிகள் பதினெட்டு, சித்தர்கள் பதினெட்டு,
நூற்றெட்டில் ஆறிலொன்று,
யதுஷா மிஸ்ஸிடம் சொல்ல ஒரு கதையும் கிடைத்திருக்கும்.
முள் இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை.
இரண்டு விநாடி மிச்சமிருந்தது.

அந்த நெஞ்சு
மெதுவாக, யாருக்கும் கடன்படாததுபோல்,
இன்னொரு முறை உயர்ந்தது.

பத்தொன்பது என்று எழுதினேன்.